‘டிட் நாட் கேம்’ என்றால் ‘வந்தவில்லை’

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அதற்கப்புறம் இங்கிலீஷ் மீடியம், பி.காம். தபாலில் முடித்தேன். இப்போது அந்தேரி கிழக்கில் ஒரு சரக்கு ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் வேலை. பேச வருகிறது, எழுதினால்தான் மாட்டிக்கொள்கிறேன். மேனேஜர் என் மெயிலில் சிவப்புக் கோடு போட்டு, எல்லோரையும் சிசியில் வைத்துத் திருப்பி அனுப்புகிறார். ‘ஆண்ட்’ என்று வாக்கியம் ஆரம்பித்தால்கூடக் கோடு. அனுப்புவதற்கு முன் மூன்று தடவை படித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் கண்ணில் படுவதில்லை. என் தப்பை நானே எப்படிக் கண்டுபிடிப்பது? ஆப் ஒன்று போட்டுக்கொண்டால் போதும் என்கிறாள் தோழி. தாதரில் ஒரு கோச்சிங் கிளாஸில் இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? கடைசியாகக் கோடு வாங்கிய மெயிலைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

“ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ் யெஸ்டர்டே இட்செல்ஃப். தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்ட். வீ ஆர் நாட் ஹேவிங் எனி இன்ஃபர்மேஷன்ஸ் அபவுட் வெஸல். டிரான்ஸ்போர்ட்டர் டிட் நாட் கேம் டு சி.எஃப்.எஸ். ஆல்தோ வீ கால்ட் ஹிம் பட் ஹி இஸ் நாட் பிக்கிங். பிளீஸ் டெல் வென் வில் தி வெஸல் அரைவ். பிளீஸ் டிஸ்கஸ் அபவுட் திஸ் அண்ட் ரிவர்ட் பேக் டில் ஃப்ரைடே.”

– வாசகி, மும்பை

பதில்:

ஏழு வாக்கியம், ஏழிலும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்வாய்ஸ் போய்விட்டது, லாரிக்காரர் சி.எஃப்.எஸ்.ஸுக்கு, அதாவது கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்கு, வரவில்லை, கப்பலைப் பற்றித் தகவல் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று எல்லாமே ஒரே வாசிப்பில் எனக்குப் புரிந்தது. பத்திரிகை, பாடப்புத்தகம், கம்பெனி ஆண்டறிக்கை என்று அடுத்தவர் இங்கிலீஷைத் திருத்துவதுதான் என் பிழைப்பு, இலக்கணம் சுத்தமாக இருந்து என்ன சொல்ல வருகிறார் என்றே பிடிபடாத மெயில்களை நிறையப் பார்க்கிறேன், அவற்றைத் திருத்துவதற்குத்தான் உயிர் போகும். உங்களுடையது அந்த வகை இல்லை.

மூன்று தடவை படித்தும் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதியதும் உங்கள் காது, சரிபார்ப்பதும் அதே காது. ‘யெஸ்டர்டே இட்செல்ஃப்’ என்பது காதுக்கு இனிமையாக இருந்ததால்தானே எழுதினீர்கள், நாலாவது தடவை படித்தாலும் அது இனிமையாகத்தான் இருக்கும். ஆகவே மொத்தமாகப் படித்து எங்காவது உறுத்துகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் தப்புகள் கண்ட இடத்திலும் விழுவதில்லை, குறிப்பிட்ட சில இடங்களில்தான் விழுகின்றன, ஏனென்றால் அவை பெரும்பாலும் இரண்டே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று, வீட்டுத் தமிழ். இன்னொன்று, நம் பம்பாய் ஹிந்தி. எந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பது மெயில் எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முதலில் தமிழ் கவிழ்க்கிற இடங்கள்.

‘ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ் யெஸ்டர்டே’. தமிழில் “நேற்றே அனுப்பியிருக்கிறேன் சார்” என்பது சுத்தமான வாக்கியம், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ‘இருக்கிறேன்’தான் ‘ஹேவ்’ ஆக மாறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கிலீஷில் முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால், யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 3 மார்ச், டூ டேஸ் அகோ, எதுவானாலும் சரி, ‘ஹேவ்’ போடக் கூடாது. ஐ சென்ட் தி இன்வாய்ஸ் யெஸ்டர்டே, அவ்வளவுதான். நேரம் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்பதை மட்டும் சொல்வதானால் ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ். இரண்டும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால்தான் தப்பு. சரக்கு வேலையில் இது சும்மா அழகுக்கான விதி இல்லை. எது எப்போது நடந்தது என்பதில்தான் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணச் சண்டையே வருகிறது.

அடுத்தது அந்த ‘இட்செல்ஃப்’. இதில் தமிழ் மட்டும் குற்றவாளி இல்லை. நமக்கு ‘நேற்றே’ என்பதில் ஒரு ஏகாரம், ஹிந்தியில் ‘ஹீ’, மராத்தியில் ஒரு ‘ச’, ஆக உங்கள் ஆபீஸில் இருக்கிற மூன்று மொழிக்காரர்களுக்குமே அந்த அழுத்தம் தேவைப்படுகிறது, எல்லோரும் சேர்ந்து இட்செல்ஃப், ஒன்லி என்று இங்கிலீஷுக்குள் ஒட்டவைக்கிறோம். அந்தேரிக்குள் பேச்சில் அது தாராளமாக ஓடும், நானும் பேசுவேன். ராட்டர்டாமிலோ ஹூஸ்டனிலோ இருக்கிற ஆளுக்கு ‘யெஸ்டர்டே ஒன்லி’ என்று எழுதினால் நேற்று மட்டும்தான் அனுப்பினாயா, மற்ற நாள் இல்லையா என்று குழம்புவார். வெளியூர் மெயிலில் இரண்டையும் எடுத்துவிடுங்கள், அழுத்தம் போய்விட்டதே என்று வருத்தப்படாதீர்கள்.

‘தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்ட்’. இணைத்திருப்பது லிஸ்ட், ஒரே ஒரு லிஸ்ட். பக்கத்தில் ஐட்டம்ஸ் என்று பன்மை நின்றதும் கை தானாக ‘ஆர்’ அடித்துவிட்டது. இது இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்கிற தப்புதான், ஆனால் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. “டிரைவர்கள் வந்துட்டாங்க” என்கிறோம், “பெட்டிகள் வந்துடுச்சு” என்கிறோம். மனிதர் என்றால் பன்மை தவறாது, பொருள் என்றால் பேச்சில் ஒருமை பன்மை பார்ப்பதே இல்லை. ‘வந்தன’ என்பது எழுத்தில் மட்டும் வாழ்கிறது. அதனால்தான் ‘தி டிரைவர்ஸ் ஆர் வெயிட்டிங்’ என்று சரியாக எழுதுகிற அதே கை ‘தி பாக்ஸஸ் ஹேஸ் ரீச்ட்’ என்றும் எழுதும். உங்கள் பழைய மெயில்களைப் புரட்டிப் பாருங்கள், இஸ்-ஆர் தகராறு பெரும்பாலும் பெட்டி, பில், கன்டெய்னர், டாக்குமென்ட் இருக்கிற வாக்கியங்களில்தான் இருக்கும். ‘ஆஃப்’ வந்தால் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள், பின்னால் இருப்பதைப் பார்க்காதீர்கள். ஒன் ஆஃப் தி கன்டெய்னர்ஸ் இஸ் டேமேஜ்ட். கன்டெய்னர்ஸ் பன்மை, ‘இஸ்’ ஒருமை, இரண்டும் சரி.

‘நாட் ஹேவிங் எனி இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பதில் இரண்டு இருக்கிறது. தகவல்கள், ஆலோசனைகள், கருவிகள் என்று தமிழில் ‘கள்’ போட்டுப் பழகிய கை இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஸ்’ போடும். லக்கேஜ், ஃபர்னிச்சர், ஸ்டேஷனரி, ஃபீட்பேக், சாஃப்ட்வேர் எல்லாம் இதே ஜாதி, இவற்றை எண்ண முடியாது, எண்ணியே ஆக வேண்டும் என்றால் டூ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட் என்று சுற்றி வர வேண்டும். விதி கண்டுபிடிக்க முயல வேண்டாம், உங்கள் வேலையில் புழங்குகிற வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

‘ஹேவிங்’ வேறு கதை. தமிழ் நிகழ்காலம் எல்லாச் சுமையையும் ஒன்றாகத் தூக்குகிறது: “காபி குடிக்கிறேன்” என்றால் தினமும் குடிக்கிறேன், இப்போது குடித்துக்கொண்டிருக்கிறேன் இரண்டுமே. அதனால் எங்கே ‘இங்’ போடுவது என்று நமக்குள் ஒரு அளவுகோல் கிடையாது, பயத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். ஹேவ், நோ (தெரியும் என்கிற நோ), நீட், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், பிலாங், அக்ரீ, இவை நடக்கிற வேலைகள் இல்லை, இருக்கிற நிலைகள். இவற்றுக்கு ‘இங்’ வேண்டாம். வீ டு நாட் ஹேவ் எனி இன்ஃபர்மேஷன். ‘ஹேவிங் லஞ்ச்’ மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள், அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது நடக்கிற வேலை.

டிஸ்கஸ் அபவுட். “இதைப் பற்றிப் பேசுங்கள்” என்பதில் உள்ள ‘பற்றி’தான் அந்த அபவுட். டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ஆனால் டிஸ்கஷன் அபவுட் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அபவுட் வரலாம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரிக்வெஸ்ட், ஆர்டர் இரண்டும் இப்படித்தான். ‘அவர் (நம்முடைய) ரிக்வெஸ்ட் ஃபார் ஆன் எக்ஸ்டென்ஷன்’ சரி, ‘வீ ரிக்வெஸ்ட் ஃபார் ஆன் எக்ஸ்டென்ஷன்’ தப்பு. ‘வீ’ என்று ஆள் வந்து வினையாக நின்றால் ஒட்டு வேண்டாம், சாமான் மாதிரி பெயராக நின்றால் ஒட்டு வரும்.

இனி தலைப்பில் இருக்கிற ‘டிட் நாட் கேம்’. தமிழ் இங்கே கவிழ்க்கவில்லை, காப்பாற்றும், நீங்கள்தான் கேட்காமல் விட்டீர்கள். ‘வரவில்லை’ என்கிறோம். ‘வந்தவில்லை’ என்று சொல்வோமா? மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. இந்த ‘வில்லை’ வந்துவிட்டால் முன்னால் நிற்கிற வினைக்குக் காலம் கிடையாது, வெறும் ‘வர’. அதே கணக்குத்தான் அங்கேயும். ‘டிட்’ காலத்தை வாங்கிக்கொண்டது, அப்புறம் வருவது வெறும் ‘கம்’. டிட் நாட் கம், டிட் நாட் ரிசீவ், டிட் நாட் கோ. கேள்வியிலும் அப்படியே, டிட் யூ ரிசீவ், டிட் ஹி கம். ‘டிட்’ என்று அடிக்கும்போதெல்லாம் ‘வந்தவில்லை’ என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும், அப்புறம் அந்தத் தப்பு வராது.

தமிழ் காப்பாற்றுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, அவை எல்லாம் பம்பாய் ஹிந்தி நம்மைக் கெடுத்து வைத்திருக்கிற இடங்கள் என்பதுதான் வேடிக்கை. உங்கள் கடைசி வாக்கியத்தில் ‘டில் ஃப்ரைடே’ என்று இருக்கிறது. இது தமிழ் இல்லை. நமக்கு வெள்ளிக்குள் என்பது வேறு, வெள்ளி வரை என்பது வேறு. ஹிந்தியில் இரண்டுக்கும் ஒரே ‘தக்’தான், “ஷுக்ரவார் தக் பேஜ் தோ” என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு ‘செண்ட் டில் ஃப்ரைடே’ என்று எழுதப் பழகிவிட்டோம். ‘டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இரு என்று அர்த்தம். ‘க்குள்’ என்று தமிழில் வந்தால் ‘பை’, ‘வரை’ என்று வந்தால் ‘டில்’. ரிப்ளை பை ஃப்ரைடே. தி ஆஃபர் இஸ் ஓப்பன் டில் ஃப்ரைடே.

சின்ஸ், ஃபார் குழப்பமும் அங்கிருந்து வந்ததே. “சே சால் ஸே” என்றாலும் ‘ஸே’, “2019 ஸே” என்றாலும் ‘ஸே’. தமிழ் பிரித்து வைத்திருக்கிறது: ஆறு வருடமாக, 2019லிருந்து. ‘ஆக’ என்றால் ஃபார், ‘இலிருந்து’ என்றால் சின்ஸ். ஃபார் சிக்ஸ் இயர்ஸ், சின்ஸ் 2019. ‘சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’ என்று இந்த ஊரில் பெரிய பதவியில் இருப்பவர்களே எழுதுகிறார்கள், நீங்கள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாலே தப்பிவிடுவீர்கள். ஆனால் அதற்குப் பின்னால் வினையில் தமிழை நம்பாதீர்கள். “2019லிருந்து வேலை பார்க்கிறேன்” என்று நாம் நிகழ்காலத்தில் முடித்துவிடுவோம், இங்கிலீஷில் ‘ஐ யாம் வொர்க்கிங் சின்ஸ் 2019’ ஒத்துக்கொள்ளாது, ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் என்றுதான் வர வேண்டும். ஒரே வாக்கியத்தில் பாதி தமிழ் உதவும், மீதி கவிழ்க்கும், என்ன செய்வது.

ஆல்தோ போட்டுவிட்டு நடுவில் ஒரு ‘பட்’. இது ஹிந்தியில் ஜோடியாக வருகிற “ஹாலாங்கி… லேகின்”. “கூப்பிட்டும் எடுக்கவில்லை” என்று தமிழுக்கு ஒரு ‘உம்’ போதும், இங்கிலீஷுக்கும் ஒன்று போதும். ஆல்தோ வீ கால்ட் ஹிம், ஹி டிட் நாட் பிக் அப். அல்லது வீ கால்ட் ஹிம், பட் ஹி டிட் நாட் பிக் அப். ஏதாவது ஒன்று.

‘வென் வில் தி வெஸல் அரைவ்’ மட்டும் கேள்வியாக நின்றால் ரொம்பச் சரி. முன்னால் பிளீஸ் டெல் வந்ததும் அது கேள்வி இல்லை, விண்ணப்பம், ஆகவே சாதா வாக்கியம் மாதிரி வர வேண்டும்: பிளீஸ் டெல் அஸ் வென் தி வெஸல் வில் அரைவ். ‘டெல்’லுக்குப் பின் யாருக்கு என்று ஒரு ஆளும் வேண்டும். கஷ்டப்பட்டு ‘வென் வில்’ என்று மாற்றிப் போடக் கற்றுக்கொண்டவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள், அந்த வகையில் இது படித்தவர் தப்பு. டெல், நோ, கன்ஃபர்ம், அட்வைஸ், லெட் அஸ் நோ, இவற்றுக்குப் பின் வென், வேர், ஒய் எது வந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

மிச்சம் இருப்பது வெஸலுக்கும் டிரான்ஸ்போர்ட்டருக்கும் முன்னால் காணாமல் போன ‘தி’. இதில் நான் உங்களுக்கு அதிகம் பாடம் எடுக்கப் போவதில்லை, ‘தி’யின் எல்லா நுணுக்கமும் பிடிபட வருடக்கணக்காகும், அது தப்பினால் சரக்கு எங்கேயும் தப்பிப் போகாது. ஒன்றே ஒன்று பழகிக்கொள்ளுங்கள்: எண்ணக்கூடிய ஒரு பொருள் ஒருமையில் வந்தால் அது மொட்டையாக நிற்காது. ஏ, தி, அவர், யுவர், திஸ், ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். படிப்பவர் “எந்தக் கப்பல்?” என்று கேட்க மாட்டார், அவருக்கே தெரியும் என்றால் ‘தி’. கேட்பார் என்றால் ‘ஏ’. ஏ வருமா ஆன் வருமா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள், வாயால் சொல்லிப் பாருங்கள், உங்கள் வேலையில் முதலெழுத்துச் சுருக்கங்கள் நிறைய வரும் என்பதால் சொல்கிறேன். ஆன் எல்.சி.எல். ஷிப்மென்ட், ஆன் எச்.எஸ். கோட், ஆன் என்.ஓ.சி., ஆனால் ஏ யு.கே. பையர், ஏ ஒன்-டே டிலே. உயிரொலியில் ஆரம்பித்தால் ஆன், ‘யு’, ‘ஒ’ என்று எழுத்து உயிராக இருந்தும் வாயில் ‘ய’வோ ‘வ’வோ வந்தால் ஏ.

சரி, இப்போது எப்படிப் பார்ப்பது. உங்கள் மேனேஜர் புண்ணியத்தில் ஒரு பெரிய வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது, கோடு போட்ட மெயில் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றைத் திறந்து, எந்தக் கோடு எந்த வகை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை வகை வரப்போகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், கோடு நூறு இருந்தாலும் வகை பத்தைத் தாண்டாது. அந்தப் பத்துதான் உங்கள் இலக்கணப் புத்தகம். கடையில் விற்கிற புத்தகத்தில் முக்கால்வாசி நீங்கள் தப்பே செய்யாத விஷயங்கள், அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் நாலாவது பாடத்தில் தூக்கம் வந்துவிடும்.

அப்புறம் மெயிலை எழுதி முடித்ததும் ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். முதல் சுற்றில் வினைகள் மட்டும்: ஒவ்வொரு வினையிலும் நின்று இதைச் செய்தது யார், எப்போது என்று கேளுங்கள், அர்த்தத்தைப் படிக்காதீர்கள். அடுத்த சுற்றில் பெயர்கள் மட்டும்: மொட்டையாக நிற்கிறதா, ‘ஸ்’ தேவையா. கடைசி வாக்கியத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது, கதை ஓட்டத்தில் கண் வழுக்கிக்கொண்டு போகாது, அச்சுப்பிழை திருத்துகிறவர்கள் கையாளும் பழைய வித்தை இது. கம்ப்யூட்டரில் கண்ட்ரோல்-எஃப் அடித்துத் தேடலாம் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. டிட், சின்ஸ், டில், டிஸ்கஸ், ஆல்தோ, இட்செல்ஃப், ஹேவிங், இவை ஒவ்வொன்றையும் தேடச் சொல்லுங்கள், அகப்பட்ட இடத்தில் மட்டும் நின்று பாருங்கள். ஒரு மெயிலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வடாலாவில் வண்டி மாறிக்கொண்டே ஃபோனில் மெயிலை முடித்து அனுப்புகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், சின்னத் திரையில் ஒரு வாக்கியத்தின் தலையும் வாலும் ஒன்றாகத் தெரியாது.

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை, இதை உங்கள் மேனேஜரிடம் யாராவது சொல்ல வேண்டும். ‘தி’ விட்டுப்போனால் ஒரு நெளிசல், அவ்வளவுதான். ‘டில்’, ‘பை’ இரண்டையும் குழப்பினால் கெடு தப்பும். தேதியை 04/05 என்று எழுதினால் நமக்கு மே 4, அமெரிக்காக்காரருக்கு ஏப்ரல் 5, அதை எந்த இலக்கணப் புத்தகமும் தப்பு என்று சொல்லாது, ஆனால் உங்கள் வேலையில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். லூஸ் கார்கோ என்று ஒரு ‘ஓ’ கூட இருந்தால் கட்டாத உதிரிச் சரக்கு, ஒரு ‘ஓ’ குறைந்தால் சரக்கைத் தொலைப்பது. நேரம் இல்லாத நாளில் தேதி, எண்ணிக்கை, ‘நாட்’, கெடு இந்த நான்கை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள், மற்றதற்குக் கோடு விழுந்தால் விழட்டும்.

ஆப் விஷயம். போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. வேர்டிலும் மெயிலிலும் வருகிற கோடு, கிராமர்லி மாதிரியானவை, டிட் நாட் கேம், இன்ஃபர்மேஷன்ஸ், டிஸ்கஸ் அபவுட் இவற்றை எல்லாம் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் ‘வீ ஆர் நாட் ரிலீசிங் தி கன்டெய்னர்’ என்று எழுத நினைத்து ‘நாட்’ என்பதற்குப் பதில் ‘நவ்’ என்று விழுந்துவிட்டால் அது வாயே திறக்காது, இரண்டும் இலக்கணப்படி சரிதானே. பணம் போகிற தப்பு இதுதான், இதற்கு உங்கள் கண் மட்டும்தான் காவல். மொழியை பிரிட்டிஷ் இங்கிலீஷ் என்று மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கலர், சென்டர் எல்லாவற்றுக்கும் அமெரிக்க எழுத்துக்கூட்டல் கேட்டு நச்சரிக்கும். சாட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் முழு மெயிலையும் கொடுத்து எழுதி வாங்கினால் இலக்கணம் பளிச்சென்று வரும், கூடவே தேவையில்லாத நலம் விசாரிப்பும் நாலு வரி நன்றியும் வரும், உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது, அடுத்த மெயிலில் அதே ‘டிட் நாட் கேம்’. திருத்தி எழுதாதே, தப்பை மட்டும் காட்டு, ஏன் தப்பு என்று ஒரு வரியில் சொல் என்று கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். வாடிக்கையாளர் பெயர், பில் நம்பர் எல்லாம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், ஆபீஸ் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேனேஜர் ‘ஆண்ட்’டுக்குப் போட்ட கோட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. ஆண்ட், பட் வைத்து வாக்கியம் ஆரம்பிக்கலாம், நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் எல்லா வாக்கியத்தையும் அப்படி ஆரம்பிக்கிறார்களே என்று டீச்சர்கள் போட்ட தடை அது. ‘ப்ரிபோன்’ (தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது) என்று எழுதினதற்கும் கோடு போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான், இந்திய இங்கிலீஷ் என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது, இந்தியாவுக்குள் தாராளமாக எழுதலாம், வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் வேறு மாதிரி சொல்லுங்கள். ரிவர்ட் பற்றி நான் அவர் பக்கம். இந்தியாவில் பதில் எழுது என்ற அர்த்தத்தில் ஓடுகிறது, ஆனால் லண்டனில் அதன் அர்த்தம் பழைய நிலைக்குத் திரும்புவது, ‘பேக்’ வேறு சேர்ந்தால் இரட்டைத் திரும்பல். ரிப்ளை என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் இல்லை. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ எழுதுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா தெரியவில்லை, இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் இலக்கணத் தப்பு ஒன்றும் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை, அதுதான் குறை.

‘ஆண்ட்’டுக்காக அவரிடம் வாதாட வேண்டாம், ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் எல்லோரையும் சிசியில் வைத்துத் திருத்துவது இங்கிலீஷ் சொல்லித் தருகிற முறை இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. “சார், திருத்தத்துக்கு நன்றி, எனக்கு மட்டும் அனுப்பினால் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்” என்று நேரில் நின்று மரியாதையாகச் சொல்லுங்கள், மெயிலில் சொல்லாதீர்கள். நோட்டையும் கையில் வைத்திருங்கள். வாராவாரம் கோடு குறைந்துகொண்டு வருவது அவருக்கே தெரிகிற மாதிரி இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

தாதர் கிளாஸ். இருபதாயிரம் உங்கள் சம்பளத்தில் சின்னத் தொகையாக இருக்காது. பேச வராதவர்களுக்குத் தைரியம் வரவழைப்பதைத்தான் இந்த ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்களில் பெரும்பாலும் செய்கிறார்கள், உங்களுக்குத்தான் பேச வருகிறதே. போய்க் கேளுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துவிட்டு உங்கள் மெயில் இரண்டை அவர்களிடம் கொடுத்து, திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் எழுத்தை வாராவாரம் யார் திருத்துவார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். “அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம் மேடம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.